ஆயிரத்து இருநூற்று இருபத்தைந்தில் ஆறு

கவிழ்த்து வைத்த இரண்டு சீட்டு. தொடக்கூடாது, திருப்பிப் பார்க்கக்கூடாது. ஆனாலும் அவை என் கையில் இருப்பதைவிடப் பெரியவையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று மனக்கணக்காகவே சொல்லிவிடலாம், அதுவும் எதிராளி பந்தயக் காயை நகர்த்தி முடிப்பதற்குள். இது தெரிந்த நாளிலிருந்து நான் டெக்ஸாஸ் ஹோல்டெம் பைத்தியம். போக்கர் என்றாலே முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு பொய் சொல்லும் ஆட்டம் என்று நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதைக்கிறது. எவ்வளவு பெரிய விருந்து உள்ளே இருக்கிறது தெரியுமா!

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு கவிழ்த்துப் போடுவார்கள். அவரவர் சீட்டை அவரவர் மட்டும் பார்க்கலாம். பிறகு நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு விழும். முதலில் விழும் மூன்று ஃப்ளாப், அடுத்தது டர்ன், கடைசி ரிவர். கையில் இரண்டு, நடுவில் ஐந்து, ஆக ஏழில் சிறந்த ஐந்து யாருக்கு அமைகிறதோ அவருக்கு வெற்றி. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் உண்டு. பிடிக்காவிட்டால் ஃபோல்ட் என்று சொல்லிச் சீட்டைத் தள்ளிவிடலாம். நடுச்சீட்டு ஒன்றுகூட விழாத நேரத்தில், வெறும் இரண்டு சீட்டை வைத்துக்கொண்டு எடுக்கிறோமே அந்த முதல் முடிவு, அதைப் பற்றித்தான் என் பேச்சு முழுக்க.

52 சீட்டில் இரண்டை எடுக்க 1,326 வழி. ஐம்பத்திரண்டை ஐம்பத்தொன்றால் பெருக்கி இரண்டால் வகுத்தால் வந்துவிடும். எந்தச் சின்னம் என்ற வித்தியாசத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் இவை மொத்தம் 169 ரகம்தான்: ஜோடி 13, ஒரே சின்னத்தில் வரும் கைகள் 78, வெவ்வேறு சின்னத்தில் வருபவை 78. எந்த ஜோடியாக இருந்தாலும் அதற்கு ஆறே ஆறு சேர்க்கை. நாலு ஏஸில் இரண்டைத் தேர்ந்தெடுக்க எத்தனை விதம் என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். ஸ்பேடும் ஹார்ட்டினும், ஸ்பேடும் டைமண்டும், ஸ்பேடும் கிளாவரும்... ஆறோடு நின்றுவிடும். ஆக ஏஸ் ஜோடி கைக்கு வர 1,326-ல் ஆறு, அதாவது 221 ஆட்டத்துக்கு ஒரு தடவை. நேரில் உட்கார்ந்து ஆடும் மேசையில் மணிக்கு முப்பது ஆட்டம் நடந்தாலே நல்ல வேகம். அப்படியென்றால் சராசரியாக ஏழு மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் அந்த தரிசனம்.

இந்த ஆறு என்ற எண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்கு இந்த ஆட்டத்தின் மேல் வந்த காதல் மொத்தமும் அதில்தான் இருக்கிறது.

என் கைக்கு ராஜா ஜோடி வந்துவிட்டது என்று வையுங்கள். இப்போதைக்கு என்னைவிடப் பெரிய கை ஒன்றே ஒன்றுதான், ஏஸ் ஜோடி. என் இரண்டு சீட்டு எனக்குத் தெரியும் என்பதால் தெரியாதவை ஐம்பது. ஐம்பதில் இரண்டை எடுக்க 1,225 வழி. அதில் ஏஸ் ஜோடி ஆறு. எதிரில் ஒருவர்தான் என்றால் அவர் கையில் ஏஸ் ஜோடி இருக்க அரை சதவீதம்கூடத் தேறாது, 0.49 தான். சுற்றி ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தால்? அப்போதும் யாரோ ஒருவரிடம் அது இருக்க 4.4 சதவீதம், இருபத்து மூன்றில் ஒரு பங்கு. ராஜா ஜோடியைக் கையில் வைத்துக்கொண்டு 'யாரிடமாவது ஏஸ் இருக்குமோ' என்று நடுங்குபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த நடுக்கத்தின் விலை இருபத்து மூன்றில் ஒன்று என்று தெரிந்தபோது எனக்குள் ஏற்பட்ட நிம்மதி இருக்கிறதே, அதை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை.

இதைவிட ஆனந்தம், இதற்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. ஃபில் கார்டன் என்ற அமெரிக்க ஆட்டக்காரரின் பெயரால் வழங்கும் விதி அது. எனக்குப் பின்னால் முடிவெடுக்க இன்னும் எத்தனை பேர் மிச்சம் என்று பார்க்க வேண்டும். என் ஜோடியைவிடப் பெரிய ஜோடி எத்தனை ரகம் என்று பார்க்க வேண்டும். இரண்டையும் பெருக்கி, பாதியாக்கினால் சதவீதம். முடிந்தது! கையில் ராணி ஜோடி, மிச்சம் ஒன்பது பேர், பெரிய ஜோடி இரண்டு ரகம்: ஒன்பது சதவீதம். ஒரு பெரிய ஜோடிக்கு 1,225-ல் ஆறு, அதாவது கிட்டத்தட்ட அரை சதவீதம் என்பதுதான் இந்த விதியின் அடிப்படை. ஆறு இங்கேயும் வந்து நிற்கிறது பாருங்கள்.

ஜோடி சின்னதாக ஆக ஆக இந்த விதி கொஞ்சம் மிகைப்படுத்தும். பத்து ஜோடிக்கு ஒன்பது பேர் எதிரே என்றால் விதி 18 சொல்லும், நுட்பமாகக் கணக்கிட்டால் பதினாறரை. எல்லாவற்றிலும் சின்ன ஜோடியான இரண்டு ஜோடிக்கு விதி 54 என்று பயமுறுத்தும், உண்மை 42-ஐ ஒட்டித்தான் இருக்கும். ஒரே நேரத்தில் இரண்டு பேரிடம் பெரிய ஜோடி இருக்கும் சந்தர்ப்பங்களை விதி இரண்டு தடவை எண்ணிவிடுவதுதான் காரணம். ஆனால் மேசையில் உட்கார்ந்திருக்கும்போது பத்து ஜோடிக்கு மேல் எனக்கு இந்த விதி ஒரு தடவைகூடத் தப்பான திசை காட்டியதில்லை.

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் உண்டு. பணம் கிடையாது. புளியங்கொட்டைதான் காய். (ஆன்லைனில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. எங்களுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. புளியங்கொட்டை போதும்.) அக்கா மகள் பிளஸ் டூ முடித்தவள், இப்போது எங்கள் மேசையிலேயே பயங்கரமான ஆள் அவள்தான். போன மாதம் ஒரு ஆட்டத்தில் அவளுக்குமுன் இருந்த எல்லோரும் சீட்டைத் தள்ளிவிட்டார்கள். அவளுக்குப் பின்னால் மூன்று பேர். ஒரு விநாடி உதடு அசைந்தது. குவித்து வைத்திருந்த கொட்டை அத்தனையையும் நடுவில் தள்ளிவிட்டாள். மூன்று பேரும் விலகினார்கள். கொட்டைகளை அள்ளிக்கொண்டே என் காதருகே வந்து, "பத்து ஜோடி மாமா. பின்னாடி மூணு பேர். பெரிய ஜோடி நாலு ரகம். மூணு நாலு பன்னெண்டு, பாதி ஆறு. ஆறு சதவீதத்துக்கெல்லாம் பயந்தா எப்படி மாமா ஆடறது?" என்றாள். எனக்கு அங்கேயே எழுந்து கைதட்ட வேண்டும்போல இருந்தது. எதிரிலிருந்த பெரியப்பா மகன், "என்னடா ரெண்டு பேரும் ரகசியம்?" என்றார். "ஒண்ணுமில்லண்ணே, பெருக்கல் வாய்ப்பாடு" என்றேன்.

ஜோடி அல்லாத கைகளில்தான் இன்னும் அழகு. ஏஸ்-ராஜா என்ற கையை எடுத்துக்கொள்வோம். இதைப் புரிந்துகொள்ள நான் செய்தது, ஹால் தரையில் சீட்டைப் பரப்பியதுதான். மேல் வரிசையில் நாலு ஏஸ், கீழ் வரிசையில் நாலு ராஜா. ஒவ்வொரு ஏஸும் நாலு ராஜாவோடு சேரலாம், ஆக 16 சேர்க்கை. அதில் நாலு ஒரே சின்னம், பன்னிரண்டு வேறு சின்னம். இப்போது ஸ்பேட் ஏஸை எடுத்து என் சட்டைப்பையில் வைத்தேன். மிச்சம் மூன்று ஏஸ், நாலு ராஜா: 12. ஹார்ட்டின் ராஜாவையும் எடுத்தேன்: மூன்றுக்கு மூன்று, ஒன்பது. கண்ணெதிரே பதினாறு ஒன்பதாக இளைத்துவிட்டது! ஏஸ் ஜோடிக்கும் அதே கதி. நாலு ஏஸ் இருந்தபோது ஆறு சேர்க்கை, மூன்று ஏஸ் என்றால் மூன்றே சேர்க்கை. ஒரே ஒரு சீட்டு என் பக்கம் வந்ததும் எதிராளியின் பலம் பாதியாகிவிடுகிறது.

ஆட்டக்காரர்கள் இதை பிளாக்கர் என்பார்கள். என் சட்டைப்பையில் இருக்கும் ஏஸ் எதிராளி கையில் இருக்க முடியாது, அவ்வளவுதான் விஷயம். கேட்டால் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். ஏஸ்-ராஜாவை வைத்திருக்கும் நான் உண்மையாகவே அஞ்ச வேண்டியது ஏஸ் ஜோடிக்கும் ராஜா ஜோடிக்கும்தான். இரண்டிலும் மும்மூன்று, ஆக ஆறு. மறுபடியும் 1,225-ல் ஆறு! ராஜா ஜோடியோடு இருக்கும்போது எனக்கு என்ன ஆபத்தோ அதே ஆபத்துதான் ஏஸ்-ராஜாவோடு இருக்கும்போதும். மாட்டிக்கொண்டால் அடி பலமாக விழும் என்பது உண்மை. ஏஸ் ஜோடியிடம் ஏஸ்-ராஜா பத்துக்கு ஒன்று தேறினால் அதிகம். ராஜா ஜோடியிடம் பத்துக்கு மூன்று. ராணி ஜோடியும் அதற்குக் கீழே உள்ள ஜோடிகளும் வந்தால் ஏறத்தாழ பாதிக்குப் பாதி. இவ்வளவையும் பார்த்த பிறகு ஏஸ்-ராஜா என்னைப் பொறுத்தவரை சீட்டுக்கட்டிலேயே அதிகம் குறைத்து மதிக்கப்படும் கை.

ஏஸோடு சின்ன சீட்டு வந்தால் கதை தலைகீழ். ஏஸ்-நாலு, ஏஸ்-ஐந்து என்று வந்ததும் பலருக்கு முகம் மலர்ந்துவிடும். மேசையில் பத்து பேர் என்றால் என்ன ஆகிறது? மிச்சம் மூன்று ஏஸ். மற்ற ஒன்பது பேரிடம் பதினெட்டு சீட்டு. மூன்று ஏஸில் ஒன்றுகூட அந்தப் பதினெட்டில் இல்லாமல் போக வாய்ப்பு 25 சதவீதம்தான். மீதி 75 சதவீதம், அதாவது நாலுக்கு மூன்று, வேறு யாரிடமோ இன்னொரு ஏஸ் இருக்கிறது. என்னுடைய துணைச் சீட்டு நாலு என்றால் அவருடையது அதைவிடப் பெரிதாக இருக்கத்தான் வழி அதிகம். அதே ஏஸ்-நாலு, எதிரில் ஒரே ஒருவர் என்றால் ராஜபோகம். ஒரே சீட்டு, ஆள் எண்ணிக்கை மாறினால் இன்னொரு சீட்டாகிவிடுகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் எதிராளி வாய் திறப்பதற்கு முந்தைய கணக்கு. அவர் பந்தயத்தை உயர்த்தி ஒரு ரெய்ஸ் போட்டதும் நடப்பதுதான் எனக்கு மெய்சிலிர்க்கும் இடம். இனி கொஞ்சம் நிதானமாக வாருங்கள்.

மிக இறுக்கமாக ஆடும் ஒருவர். நான் ரெய்ஸ் செய்கிறேன், அவர் அதன்மேல் மறு ரெய்ஸ் போடுகிறார். அவர் அப்படிச் செய்வது ஏஸ் ஜோடி, ராஜா ஜோடி, ராணி ஜோடி, ஏஸ்-ராஜா இந்த நாலு கைகளுக்கு மட்டுமே என்று பார்த்துப் பழகியிருக்கிறேன். என் கையில் ராணி ஜோடி. எண்ணுவோம். ஏஸ் ஜோடி ஆறு. ராஜா ஜோடி ஆறு. இரண்டு ராணி என்னிடம் இருப்பதால் ராணி ஜோடி ஒன்றே ஒன்று. ஏஸ்-ராஜா பதினாறு. கூட்டினால் 29. அதில் என்னை முந்தியிருப்பவை 12. இருபத்தொன்பதில் பன்னிரண்டு, அதாவது 41 சதவீதம்!

ரெய்ஸுக்கு முன்னால் இதே ஆபத்து எவ்வளவு? 1,225-ல் பன்னிரண்டு, ஒரு சதவீதத்துக்கும் கீழே. மேலே இருக்கும் பன்னிரண்டு அசையவே இல்லை. கீழே இருந்த 1,225 ஒரே அசைவில் 29 ஆகச் சுருங்கிவிட்டது. சீட்டு மாறவில்லை, யாரும் எதையும் திருப்பிக் காட்டவில்லை. ஒரு மனிதர் கொஞ்சம் காய்களை முன்னால் நகர்த்தினார், அவ்வளவுதான். 1763-ல், தாமஸ் பேய்ஸ் என்ற கணித அறிஞர் இறந்த பிறகு வெளிவந்த அவருடைய கட்டுரையின் சாரம் இதுதான்: புதுச் செய்தி வந்தால் பழைய வாய்ப்பைத் திருத்து. பள்ளியில் இதைப் பேய்ஸ் தேற்றம் என்று பாடமாகப் படித்தேன். மொட்டை மாடியில் அது என் எதிரே உட்கார்ந்து சீட்டாடியது.

அதே ஆள், அதே மறு ரெய்ஸ். என் கையில் ராணிக்குப் பதில் ராஜா ஜோடி என்றால்? ஏஸ் ஜோடி 6, ராஜா ஜோடி 1, ராணி ஜோடி 6, ஏஸ்-ராஜா 8. மொத்தம் 21. முந்தியிருப்பவை ஆறு, ஏழுக்கு இரண்டு. ஐந்து நடுச்சீட்டும் விழுந்து முடிய ராஜா ஜோடி ஜெயிக்க 57 சதவீதம் இடமுண்டு, ராணி ஜோடிக்கு 40-ஐ ஒட்டித்தான். ராஜாவுக்கும் ராணிக்கும் இடையில் ஒரே ஒரு படிதான். ஆனால் ஒன்றோடு தைரியமாக உள்ளே போகலாம், மற்றதோடு நிறுத்தி யோசிக்க வேண்டும். இந்த வித்தியாசத்தை முதல் தடவை தாளில் எழுதிப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. சந்தோஷத்தில்தான்.

ஆளை மாற்றிப் பாருங்கள். கொஞ்சம் தாராளமாக ஆடுபவர், ஜாக்கி ஜோடிக்கும் பத்து ஜோடிக்கும் ஏஸ்-ராணிக்கும்கூட மறு ரெய்ஸ் போடுவார். என் ராணி ஜோடிக்கு எதிரே இப்போது 29-ஓடு ஜாக்கி ஆறு, பத்து ஆறு, ஏஸ்-ராணி எட்டு சேர்கிறது. மொத்தம் 49. முந்தியிருப்பவை அதே பன்னிரண்டு. 41 சதவீதம் 24 ஆக இறங்கிவிட்டது. ஆக, கணக்கின் மேல்பாதி சீட்டிலிருந்து வருகிறது, கீழ்பாதி மனிதரிடமிருந்து வருகிறது. நான் சீட்டைத் தள்ளிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம் இருக்கிறதே, அதுதான் எனக்கு இப்போது பொன்னான நேரம். யார் எதற்கு ரெய்ஸ் போடுகிறார், கடைசியில் என்ன சீட்டைத் திருப்பிக் காட்டுகிறார் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒவ்வொருவரின் கீழ்பாதியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வரும்.

இதைப் பழக அருமையான வழி ஒன்று சொல்கிறேன். அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை. இந்த ஆட்டம் பிறந்த ஊர் என்று டெக்ஸாஸ் சட்டமன்றமே 2007-ல் ஏற்றுக்கொண்டது ராப்ஸ்டவுன் என்ற சிறு ஊரை. அங்கிருந்து லாஸ் வேகாஸ் போய், 1970-ல் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ என்ற சூதாட்ட விடுதியில் போக்கர் உலகத் தொடர் ஆரம்பித்த பிறகும் பல காலம் இது தொலைக்காட்சிக்கு லாயக்கில்லாத ஆட்டமாகத்தான் இருந்தது. கவிழ்ந்த சீட்டை யார் உட்கார்ந்து பார்ப்பது? அதை மாற்றியவர் ஹென்றி ஓரென்ஸ்டைன். போலந்தில் பிறந்து, நாஜி முகாம்களிலிருந்து உயிர் தப்பி, அமெரிக்காவில் பொம்மைத் தொழிலில் பெரிய ஆளானவர். ஆட்டக்காரரின் கவிழ்ந்த சீட்டை நேயர்களுக்கு மட்டும் காட்டும் கேமரா ஏற்பாட்டுக்கு 1995-ல் காப்புரிமை வாங்கினார். 1999-ல் பிரிட்டனின் சேனல் ஃபோர் ஒளிபரப்பிய நிகழ்ச்சியில் சீட்டைக் கீழிருந்து காட்டும் கேமராவை வைத்து ஆட்டத்தைக் காட்டினார்கள். 2003-ல் கிறிஸ் மணிமேக்கர் என்ற டென்னஸி கணக்கர் உலகத் தொடரை ஜெயித்து 25 லட்சம் டாலர் வாங்கியதை அமெரிக்கா முழுக்க இப்படித்தான் கையிலிருந்த சீட்டோடு சேர்த்துப் பார்த்தது.

அந்தக் கேமராவுக்கு நான் தினமும் நன்றி சொல்கிறேன். பழைய ஆட்டங்களின் வீடியோ கிடைக்கும். நான் செய்வது இதுதான்: ஒரு அஞ்சலட்டையைத் திரையில் ஒட்டி, ஒருவரின் சீட்டு மட்டும் தெரியும்படி மற்றவர்களுடையதை மறைத்துவிடுவேன். சதவீதம் காட்டும் இடத்தையும் மறைத்துவிடுவேன். ரெய்ஸ் வரும், வீடியோவை நிறுத்துவேன். எந்தெந்தக் கை இருக்கலாம், ஒவ்வொன்றும் எத்தனை சேர்க்கை, என் ஆளின் சீட்டு அதில் எத்தனையைத் தடுக்கிறது என்று துண்டுத் தாளில் எழுதுவேன். பெரிய கை இருக்க முப்பது சதவீதம் என்று எழுதிவிட்டு அட்டையை மெல்ல நகர்த்தும்போது நெஞ்சு படபடக்கும். ஒரு ஆட்டத்தில் என்ன சீட்டு இருந்தது என்பது முக்கியமில்லை. முப்பது என்று எழுதிய ஆட்டங்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும்போது, பத்துக்கு மூன்று என்ற கணக்கை ஒட்டி அவை வந்து நிற்கின்றனவா என்பதுதான் முக்கியம். ஆரம்பத்தில் நான் எழுதியதெல்லாம் மிகப் பெரிய எண்கள். இப்போது நிஜத்துக்கு மிகப் பக்கத்தில் வந்துவிட்டன.

இந்தக் கணக்கு எதிராளியின் சீட்டைத்தான் சொல்லும், இனி விழப்போகும் நடுச்சீட்டைச் சொல்லாது. டாயில் பிரன்சன் என்ற ஆட்டக்காரர் 1976, 1977 இரண்டு ஆண்டும் உலகத் தொடரை ஜெயித்தபோது இரண்டிலும் கடைசி ஆட்டத்தில் அவர் கையில் இருந்தது பத்து-இரண்டு. 169 ரகத்தில் அதை யாரும் ஆசைப்பட்டு ஆடமாட்டார்கள். அதனால் இந்தக் கணக்கின் மேல் எனக்கிருக்கும் மதிப்பு கொஞ்சமும் குறையவில்லை. ஏஸ் ஜோடியே ராஜா ஜோடியிடம் ஐந்துக்கு ஒரு தடவை தோற்கும். கணக்கு அதையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறது.

உங்கள் வீட்டு அலமாரியில் ரம்மிக்கு வாங்கிய சீட்டுக்கட்டு ஒன்று கட்டாயம் இருக்கும். ஜோக்கரை எடுத்து ஓரமாக வையுங்கள். இரண்டு ராணியை உங்களுக்கு எடுத்துக்கொண்டு, மிச்சத்தில் ஏஸையும் ராஜாவையும் ராணியையும் தரையில் வரிசையாகப் பரப்பி, 29 வருகிறதா என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். காசு வேண்டாம், செயலி வேண்டாம், கால் மணி நேரம் போதும். இன்றைக்கே செய்யுங்கள்.